பெம்பான் அடுக்களையில் எண்ணெயும் காற்றும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் பெம்பான். பாயும் கூடையும் முடைய உதவும் ஒருவகைத் தண்டுச் செடிக்கு மலாய் மொழியில் பெம்பான் என்று பெயர். அவ்வூரையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில், தீபாவளி நெருங்குங்காலை, புதியதொரு வழக்கு எழுகின்றது. வடையையும் முறுக்கையும் முன்போலவே சட்டி நிறைந்த எண்ணெயிற் பொரிப்பதா? அன்றி, 'ஏர் பிரையர்' எனக் கடைகளில் விற்கும் காற்றுப் பொரிப்பானை வாங்கி, எண்ணெயை ஒரு கரண்டியளவில் நிறுத்திக்கொள்வதா? 'டீப் பிரையர்' என வழங்கும் மின்சார எண்ணெய்ப் பொரிப்பானே போதும் என்பாரும் உளர்.

இது வீட்டுக்குள் பேசித் தீர்க்கும் சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் அதன் பின்னே நீண்டதொரு வரலாறு கிடக்கின்றது. எந்த எண்ணெயிற் பொரிப்பது, எவ்வளவு எண்ணெயிற் பொரிப்பது என்பவற்றை அடுக்களையில் நிற்பவள் தானே முடிவு செய்த காலம் மிகக் குறைவு. செக்கும் கப்பலும் தோட்டமும் அரசாங்கத்தின் விலைக் கட்டுப்பாடும் அவளுக்காக அதனை முடிவு செய்து வந்தன. அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பின், இன்றைய வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுதல் எளிதாகும்.

செக்கும் சட்டியும்

பொரித்து உண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. தாளிக்கும்போது எழும் மணத்தையும் புகையையும் 'குய்' என்ற சொல்லாற் சங்கப் புலவர் குறித்தனர். அம்பாசமுத்திரத்திற் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு, கோயிலில் இறைவனுக்குப் படைக்கவேண்டிய கறிகளைக் கூறுமிடத்துப் புளிங்கறி, புழுக்குக்கறி என்பவற்றோடு பொரிக்கறியையும் சேர்த்துச் சொல்கின்றது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில், உளுந்தை ஊறவைத்து அரைத்து எண்ணெயிற் பொரிக்கும் முறை காணப்படுகின்றது. அந்த வடையில் மிளகாய் இல்லை. காரத்திற்கு மிளகே இருந்தது. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த மிளகாய், போர்த்துக்கீசியர் கடல்வழி திறந்த பின்னரே கீழ்த்திசைக்கு வந்தது.

எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்று பொருள்படும். பிற்காலத்தில் எல்லா வித்துகளின் நெய்க்கும் அதுவே பொதுப்பெயராக, எள்ளின் நெய்யை நல்லெண்ணெய் என வேறு பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சோழர் காலத்தில் எண்ணெய் வாணிகம் செய்தோர் சங்கரபாடியார் எனப்பட்டனர். கற்செக்குகளைச் செய்தளித்தவர் பெயர் அச்செக்குகளின் மீதே பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் பல ஊர்களிற் காணலாம். ஊருக்குச் செக்கு அமைத்துக் கொடுத்தலும் கல்லிற் பொறிக்கத்தக்க நற்பணியாகக் கருதப்பட்டது என்பதே எண்ணெயின் அருமையைக் காட்டும். கோயில் விளக்கிற்கும், தலை முழுக்கிற்கும், தாளிப்பிற்கும் போக, சட்டி நிறைய ஊற்றிப் பொரிக்க எண்ணெய் எல்லார்க்கும் எளிதிற் கிடைத்ததில்லை. ஆகவே, பொரித்த பண்டம் படையலாகவும் விழாப் பண்டமாகவும் நின்றது. இவ்வுண்மையை நினைவில் வைத்தல் வேண்டும்.

மலாக்காவிற்கு வந்த சுவை

மலாக்காவிற்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு தோட்டங்களோடு தொடங்கியதன்று. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான்களின் ஆட்சியில் அந்நகர் பெருந்துறைமுகமாக விளங்கியபோதே தமிழ் வணிகர் அங்கே குடியிருந்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் அதனைக் கைப்பற்றிய பின்னும் அவர்தம் வழியினர் மலாக்காச் செட்டிகள் என்ற பெயரோடு நிலைத்தனர். அவர்கள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அந்நகரில் உள்ளது. நாளடைவில் அவர்கள் மலாய் மொழியைத் தம் வீட்டு மொழியாக்கிக் கொண்டனர். மொழி மாறியும் வழிபாடும் படையலும் மாறவில்லை. தமிழர் பண்டங்களின் பெயர்கள் மலாய் மொழியிலும் புகுந்தன. வடையும் முறுக்கும் அப்பமும் சிறிது திரிந்த ஒலியோடு மலாய் மக்கள் நாவில் இன்றும் வழங்குகின்றன. சுவை ஒன்று கடல் கடந்து வேரூன்றியதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரப்பர்க் காலம்

மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி தூண்ட, 1896இல் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் இரப்பரை நட்டார். அடுத்து ஜாசின் பகுதியிலுள்ள புக்கிட் ஆசகானில் அது பெருந்தோட்டமாக விரிந்தது. அதன் பின் மலாக்காவின் உட்பகுதிகளெங்கும் இரப்பர் பரவத் தமிழ்த் தொழிலாளரும் கங்காணிகள் வழியே வந்து லயங்களில் குடியேறினர். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும்வரை அவ்வருகை தொடர்ந்தது.

லயத்து அடுக்களையில் நல்லெண்ணெய் கப்பலில் வந்த சரக்கு; ஆதலால் விலையுயர்ந்தது. தலை முழுகவும், மருந்திற்கும், சிறப்பு நாட்களுக்கும் அது ஒதுக்கப்பட்டது. தீபகற்பத்தின் கரையோரமெங்கும் தென்னை செழித்தமையால் தேங்காய் எண்ணெயே நாட்டின் பொதுச் சமையல் எண்ணெயாயிற்று. நல்லெண்ணெயின் மணத்தில் வளர்ந்த நாவு தேங்காய் எண்ணெயின் மணத்தைப் பழகிக்கொண்டது. அதனை அக்குடும்பங்கள் விரும்பித் தேர்ந்தன என்பதைவிட, கரையோரத் தென்னையும் கப்பற் கூலியும் தேர்ந்தன என்பதே பொருந்தும்.

கூலி குறைவு, எனவே பொரிப்பும் குறைவு. 1928ஆம் ஆண்டளவில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலைக்கூலியாக இருந்தது. இரப்பர் விலை வீழ்ந்த 1930இல் அதுவும் குறைக்கப்பட்டது. அக்கூலியில் வாழ்ந்த குடும்பம் அன்றாடம் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்க இயலாது. தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவிற்கும் மட்டுமே சட்டி ஏறும். அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடுவர். ஒருத்தி மாவு பிசைவாள், ஒருத்தி முறுக்கு அச்சைப் பிழிவாள், மூத்தவள் அரிகரண்டியோடு அடுப்பருகே அமர்வாள். இரப்பர் விறகு எரியும். ஒரே சட்டி எண்ணெயிற் பல வீட்டுப் பண்டம் வெந்தது. எண்ணெய்ச் சிக்கனமே அந்தக் கூட்டுறவிற்கு ஒரு காரணமாக இருந்தது.

செம்பனை வந்த கதை

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848இல் நான்கு கன்றுகள் சாவகத்தின் போகோர்ப் பூங்காவிற்கு வந்தன. 1870களில் சிங்கப்பூர்ப் பூங்காவின் வழியே மலாயாவை அடைந்தபோது அது அழகுக்காக நடப்பட்ட மரமாகவே இருந்தது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே சிலாங்கூரில் தென்னமராம் தோட்டத்தில் அதனை வாணிகப் பயிராக நட்டார். பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே.

இரப்பரின் நிழலில் இருந்த செம்பனைக்கு 1960களில் நற்காலம் பிறந்தது. செயற்கை இரப்பரின் போட்டியால் இரப்பர் விலை தளர்ந்தது. ஒரே பயிரை நம்பியிருத்தல் ஆகாதென அரசாங்கமும் கருதியது. 1956இல் தோன்றிய ஃபெல்டா என்னும் நிலமேம்பாட்டு வாரியமும் பெருந்தோட்டக் கம்பெனிகளும் செம்பனைக்கு மாறின. ஜாசின் வட்டாரத்தில் கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி முதலிய தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாகவே அறியப்படுகின்றன. பால் வெட்டிய உளியைக் கீழே வைத்த கைகள் குலை அறுக்கும் அரிவாளை எடுத்தன. ஆப்பிரிக்காவில் இம்மரத்தின் மகரந்தத்தைப் பரப்பும் கூன்வண்டு இங்கே இல்லாமையால், பூக்களுக்குத் தொழிலாளரே மகரந்தம் தூவவேண்டியிருந்தது. பெண்களும் அவ்வேலையிற் பெருவாரியாக ஈடுபட்டனர். 1981இல் காமரூனிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்டதும் அவ்வேலை மறைந்தது.

கனியிலிருந்து பிழியும் எண்ணெய் செந்நிறமானது. கட்டியாகும் இயல்பும் தனி மணமும் உடையது. 1970களில் நாட்டிற் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. நிறமும் மணமும் நீக்கி, உறையும் பகுதியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய தெளிந்த எண்ணெய் புட்டிகளிலும் பொட்டலங்களிலும் அடுக்களைக்கு வந்தது. மிகுந்த வெப்பத்திலும் எளிதிற் புகையாது, விரைவிற் கெடாது, விலையும் மலிவு. பொரிப்பதற்கென்றே பிறந்தது போன்ற எண்ணெய் அது. தேங்காய் எண்ணெய் பின்வாங்கியது.

இங்கே ஒரு முரண் காணத்தக்கது. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பிறர் விளைத்தவை. செம்பனை எண்ணெயோ பெம்பான் சுற்றுவட்டாரத் தமிழர் தம் கையாலேயே விளைத்த பொருள். ஆனால், தோட்டத்தில் அவர்கள் அறுத்த குலை ஆலைக்குப் போய், கம்பெனிப் பெயரோடு கடைக்கு வந்து, அவர்களுக்கே விற்கப்பட்டது. விலை மலிந்ததும் விழாப் பண்டம் அன்றாடப் பண்டமாயிற்று. காலையிற் கடையோர வடை, மாலையிற் கறிபாப்பும் வாழைக்காய்ப் பஜ்ஜியும், இரவிற் பொரித்த மீன் என, ஆண்டிற்குச் சில நாள் ஏறிய சட்டி நாள்தோறும் ஏறலாயிற்று. பண்டம் பழையதே, அது மேசைக்கு வரும் முறைதான் பெருகியது.

எண்ணெய்ப் போர்

அடுக்களைச் சட்டியிலுள்ள எண்ணெய்க்காக உலக நாடுகள் வழக்காடிய காலமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க சோயா விவசாயிகளின் சங்கம், செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதயத்திற்குக் கேடு என்று பெரும் பிரசாரம் நடத்தியது. மலேசியா அதனை எதிர்த்து வாதாடியது. அமெரிக்க உணவு ஆலைகள் பல, வெப்பமண்டல எண்ணெய்களைக் கைவிட்டு, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய்க்கு மாறின. இந்தியாவில் 1937முதல் டால்டா என்ற பெயரால் வீடுதோறும் புகுந்த வனஸ்பதியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

1990இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், ஹைட்ரஜன் ஏற்றும்போது தோன்றும் 'டிரான்ஸ்' கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கின்றது என்று காட்டினர். நன்மை தேடிப் போனவர் பெருந்தீமையைப் பற்றிக்கொண்டது புலனாயிற்று. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம், ஆலைகளில் உண்டாகும் அக்கொழுப்பை உலக உணவிலிருந்தே அகற்றுமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இதனாற் செம்பனை எண்ணெய் குற்றமற்றதாகி விடவில்லை. அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி நிறைகொழுப்பு; அளவோடு கொள்ளவேண்டிய பொருளே அது. ஆனால் எந்த எண்ணெய் நல்லது என்ற ஆரவாரத்தில், எவ்வளவு எண்ணெய் நல்லது என்ற கேள்வி நெடுங்காலம் மறைந்திருந்தது. காற்றுப் பொரிப்பான் திரும்பக் கேட்பது அந்தக் கேள்வியையே.

காற்றை அடைத்த பெட்டி

விசிறியால் வெப்பக் காற்றைச் சுழற்றிச் சமைக்கும் எண்ணம் இந்நூற்றாண்டிற்கு உரியதன்று. 1940களில் அமெரிக்கர் வில்லியம் மாக்சன், விமானத்திற் பறப்போருக்கு உறைந்த உணவைச் சூடாக்கவென, விசிறி பொருத்திய அடுப்பொன்றைச் செய்தார். பின்னர் அவ்வகை அடுப்புகள் ரொட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் இடம்பெற்றன. அதனை மேசைமேல் வைக்கும் சிறு பெட்டியாகச் சுருக்கியவர் ஹாலந்து நாட்டுப் பொறியாளர் ஃபிரெட் வான் டெர் வெய். 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதனை உலகிற்கு அறிமுகப்படுத்தியது.

அப்பெட்டியின் மேற்புறத்தில் வெப்பச் சுருளும் விசிறியும், உள்ளே துளையுள்ள கூடையும் உண்டு. ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடேறிய காற்று கூடையைச் சுற்றி விரைந்து சுழன்று, பண்டத்தின் மேற்பரப்பை உலர்த்திச் சிவக்க வைக்கின்றது. பெயரிற் பொரிப்பு இருப்பினும் செயலால் அது சுடுதலே. ரொட்டி அடுப்பின் தங்கை எனலாம்.

பொரித்தல் வேறு. 170 முதல் 190 டிகிரி வரை சூடேறிய எண்ணெயில் மாவை இட்டவுடன் அதிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழிகளாய் வெளியேறுகின்றது. சட்டியில் எழும் சலசலப்பு அந்நீரின் ஓசையே. எண்ணெய், காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கொடுப்பதால் மேல் ஓடு நொடிகளில் இறுகுகின்றது. உள்ளிருந்து ஆவி தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் அதிகம் உட்புகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் துளைகளில் இழுக்கப்படுகின்றது. ஆகவே, எடுத்தவுடன் சூட்டோடு நன்றாக வடியவிடுதல் எண்ணெயைக் குறைக்கும் எளிய வழி. அரிகரண்டியைச் சட்டியின் விளிம்பிற் சிறிது நேரம் சாய்த்துப் பிடித்த பாட்டிமார், காரணம் சொல்லாமலே இதனைச் செய்தனர்.

தராசில் வைத்தால்

இனி, பண்டங்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கலாம். உளுந்து வடை மாவு ஈரமானது. பஜ்ஜி மாவோ ஒழுகக்கூடியது. கூடையில் இட்டால் துளைவழி ஒழுகும். அன்றேல் உலர்ந்து கெட்டியாகும். அவற்றிற்கு எண்ணெயே வேண்டும். முறுக்கும் அத்தகையதே: எண்ணெயில் ஆவி வெளியேறிய இடங்களில் உண்டாகும் நுண்டுளைகளே அதன் மொறுமொறுப்பு, காற்றில் அது வறண்ட குச்சியாகும். மாறாக, மசாலை தடவிய மீன், கோழித் துண்டு, கறிபாப், உருளைக்கிழங்கு, எண்ணெய் சிறிது தடவிய அப்பளம், நிலக்கடலை ஆகியவை காற்றுப் பொரிப்பானில் நன்கு அமையும். ஒருமுறை பொரித்து ஆறிய வடையைச் சூடாக்கவும் அது ஏற்றது.

மின்சார எண்ணெய்ப் பொரிப்பானின் சிறப்பு வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்துதல். எண்ணெய் தேவைக்குமேற் காய்ந்து புகைவதும், காயாமல் பண்டம் எண்ணெய் குடிப்பதும் அதனாற் குறையும். ஆனால் அது இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் கேட்கும். அவ்வளவையும் ஒருநாளில் வீசியெறிய மனம் வராது. மறுநாளும் அதுவே காயும். பலமுறை காய்ந்த எண்ணெய் சிதைந்து தீய பொருள்களை உண்டாக்கும். 2018முதல் இந்தியாவில், அவ்வாறு சிதைந்த பகுதி நூற்றுக்கு 25ஐத் தாண்டிய எண்ணெயை உணவு விற்போர் பயன்படுத்தலாகாது என விதி உள்ளது. நாள்தோறும் விற்று எண்ணெயை மாற்றும் வடைக் கடைக்கு அப்பொறி தகும். நால்வர் வாழும் வீட்டிற்கு அது மிகை.

பணக் கணக்கும் பார்த்தல் வேண்டும். மலேசிய அரசாங்கத்தின் உதவித்தொகையால் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் பல ஆண்டுகளாக 2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்பட்டு வந்துள்ளது. காற்றுப் பொரிப்பானின் விலை 250 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அது 100 பொட்டலங்களின் விலை. 1500 வாட் பொறி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட் மின்சாரமும் செலவு. ஆகவே, எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தவே அதனை வாங்குதல் பேதைமை. வாங்குவதற்குரிய காரணம் உடல்நலம் ஒன்றே. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட மிகுதி என்று நாட்டின் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கொதிக்கும் எண்ணெயின் அருகே தனித்து நிற்கும் முதியவருக்கும், சிறுவர் ஓடியாடும் வீட்டிற்கும் தீக்காய அச்சம் குறைதல் மற்றொரு நன்மை. எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. மாவுப்பொருளை மிகுந்த வெப்பத்தில் கருகச் சிவக்கவிட்டால் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் உண்டாகும் என்று 2002இல் சுவீடன் நாட்டார் கண்டறிந்தனர். எண்ணெயாயினும் காற்றாயினும் பொன்னிறத்தோடு நிறுத்துதலே அறிவு.

இழந்ததும் பெற்றதும்

1980களுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் செம்பனைக் காட்டில் இறங்க, தமிழ்க் குடும்பங்கள் பல லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. மின்னாக்கி இரவிற் சில மணி நேரம் மட்டுமே வெளிச்சம் தந்த லயத்தில் 1500 வாட் பொறியைக் கனவு காணவும் இயலாது. இன்று அது மேசைமேல் இருக்கின்றது. ஆனால் அதன் கூடை ஒரு சிறு குடும்பத்திற்கே போதுமானது; பல வீட்டுப் பெண்கள் அதனைச் சுற்றி அமர முடியாது. லயத்தின் கூட்டுச் சட்டியை இப்பெட்டி அழித்தது என்பது நேர்மையாகாது. லயம் கலைந்தபோதே அது அவிந்துவிட்டது.

செக்கு, கப்பல், தோட்டம், ஆலை என நான்கு காலமும் அடுக்களைக்கு எண்ணெயைக் கொடுத்தன. அளவையும் அவையே வகுத்தன. எண்ணெய் அரிதாயிருந்தபோது வறுமை அளவு காத்தது. எண்ணெய் மலிந்தபோது அளவு காப்பார் எவருமில்லை. பெம்பான் இல்லத்தரசிக்கு இப்போதுதான் முதன்முறையாக அவ்வளவை வகுக்கும் உரிமை தன் கையில் வந்திருக்கின்றது. அன்றாட மீனுக்கும் கோழிக்கும் கறிபாப்பிற்கும் காற்று. தீபாவளி முறுக்கிற்கும் படையல் வடைக்கும் புது எண்ணெய் ஊற்றிய பழைய இருப்புச்சட்டி. இதுவே வரலாறு காட்டும் நடுநிலை. விழாவிற்கு உரியதை விழாவிற்கே மீட்டுத் தந்தால், காற்றுப் பொரிப்பான் தான் வந்த காரியத்தைச் செவ்வனே செய்ததாகும். அந்த விழா நாளிலேனும் அண்டை வீட்டாரை அழைத்து, ஒரே சட்டியிற் பல வீட்டு முறுக்கைப் பொரித்தால், லயத்து மூத்தோர் விட்டுச்சென்ற செல்வத்தில் ஒரு பங்கு தாமானிலும் நிலைக்கும்.